வெள்ளைச்சட்டைக்காரருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

வெள்ளைச்சட்டைக்காரர் எங்கள் கடையில் பல தடவை வயசுக்கு வந்திருக்கிறார். காது குத்திக்கொண்டிருக்கிறார், புதுமனை புகுந்திருக்கிறார். ஒரே பேனரில் மணமகனாக ஒரு பக்கமும் மணமகளாக மறுபக்கமும் நின்று சிரித்திருக்கிறார். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே எங்களை வெட்டிப் போட்டிருப்பார்.

திருவொற்றியூர் ஹைரோடில் என் அண்ணன் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். மெஷினில் மை ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க அவனுக்கு எப்போதும் ஒரு போட்டோ வேண்டும். அதற்காக அவன் வைத்திருந்தது எங்கள் ஏரியா பெரிய மனிதர் ஒருவரின் பிறந்தநாள் படம். நல்ல கேமராவில் எடுத்தது. பின்னணியை வெட்டிச் சுத்தமாக வைத்தது. மேலே பளீரென்று வெள்ளைச்சட்டை. எந்த மை ஒரு பொட்டு கூடினாலும் அந்தச் சட்டையில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மெஷினுக்குப் புது பாகம் மாட்டினாலும் சரி, புது டிசைன் போட்டாலும் சரி, "வெள்ளைச்சட்டைய போடு பாப்பா" என்பான் அண்ணன். அவர் பெயரையே நாங்கள் மறந்துவிட்டோம் என்று சொல்லலாம்.

ஊர் மறக்கவில்லை. எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளை நிறுத்தும் யார்டு ஒன்று அவர் கையில் இருந்தது. எந்த வண்டி எங்கே நிற்கலாம், எந்த டிரைவருக்குக் கன்னத்தில் எத்தனை அறை விழ வேண்டும் என்று அவர் முடிவு செய்வார். இடத் தகராறு, புருஷன் பெண்டாட்டி தகராறு எல்லாம் அவர் ஷெட்டுக்குப் போகும். உள்ளே நடந்து போனவர்களில் சிலர் திரும்பி வரும்போது நொண்டிக்கொண்டு வருவார்கள். எனக்கு அவரைக் கண்டால் பயம் என்பதைவிட எரிச்சல்தான் அதிகம். தெருவே அவருக்காக ஒதுங்கி நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பல் நறநறக்கும்.

நான் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். கம்பெனி பழைய மகாபலிபுரம் சாலையில். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்பதால் அண்ணன் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். மேசையைத் துடைத்துவிட்டு டீ குடித்து வந்தால் கீபோர்டில் மறுபடி அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பல் உட்கார்ந்திருக்கும். ஊதிவிட்டு வேலை பார்ப்பேன்.

அண்ணனுக்காக ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதிக்கொண்டிருந்தேன். கடையில் தினமும் சண்டை. பேனரில் தாய்மாமன் படம் சித்தப்பா படத்தைவிடச் சின்னதாகப் போய்விட்டது என்று எங்கள் வாசலிலேயே மண்டை உடைந்து, அந்த மஞ்சள் நீராட்டு பேனராலேயே காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஆட்டோ ஏறியிருக்கிறார். வாடிக்கையாளரே போனில் டிசைனைத் தேர்ந்தெடுத்து, படமும் பெயரும் போட்டு, இப்படித்தான் வரும் என்று பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டால் பிறகு எங்களை அடிக்க முடியாது இல்லையா? அப்படித்தான் நினைத்தேன். எனக்கு எவ்வளவு அறிவு பாருங்கள்.

தளத்தை ஊருக்குத் திறந்துவிடுவதற்கு முன்னால் எழுதுகிறவர்கள் அதைத் தங்கள் லேப்டாப்பிலேயே ஓடவிட்டுப் பார்ப்போம். லோக்கல் சர்வர் என்பது அதுதான். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் ஓடும், நிறுத்தினால் தளமே கிடையாது. சாதாரணமாக அது அந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வரியை மாற்றினால் அதே வைஃபையில் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் தெரியும். அண்ணன் தன் போனில் பார்க்க ஆசைப்பட்டான் என்று அந்த வரியை மாற்றியிருந்தேன். அதைத் திறக்கும் க்யூஆர் அட்டையை அவன் கல்லாக் கண்ணாடியில் ஒட்டியும் வைத்துவிட்டான். வாடிக்கையாளர்கள் படம் அனுப்ப வசதியாகக் கடை வைஃபையின் பாஸ்வேர்டு ஏற்கெனவே சுவரில் பெரிதாக எழுதியிருந்தது.

ஆடி மாசம். கோயில்களில் கூழ் ஊற்றும் நாட்கள், கடையில் நிற்க இடமில்லை. அன்று காலைதான் கண்ணீர் அஞ்சலி டிசைனை எழுதி முடித்திருந்தேன். சுற்றிலும் சாமந்தி மாலை, கீழே இரண்டு குத்துவிளக்கு, தோற்றம், மறைவு, இறுதி ஊர்வலம். ஊர்வலத் தேதி இருக்கும் இடத்தில் தானாகவே 'நாளை மாலை' என்று வரும்படி வைக்கச் சொன்னது அண்ணன்.

"சாவு வூட்லர்ந்து வர்றவன் தேதியா பாத்துகினு இருப்பான்? எப்பவும் மறுநாள்தான் தூக்குவாங்கோ. நாளிக்குன்னே இருக்கட்டும்."

பிறகு வழக்கம்போல, வேறு பேனர் ஒன்றை வெட்டிக்கொண்டே, "வெள்ளைச்சட்டைய போட்டு பாரு" என்றான். போட்டேன். அழகாக வந்திருந்தது. அந்தச் சிரிப்பும் வெள்ளைச்சட்டையும் மாலைக்கு நடுவில் எடுத்து வைத்தாற்போல் பொருந்தின. ஆளுக்கொரு தனி லாகின் வைக்கும் வேலையை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. அதனால் யார் திறந்தாலும் கடைசியாகப் போட்ட டிசைன்தான் முதலில் வரும்.

கூழ் ஊற்றும் பேனருக்காக வந்து நின்ற இளைஞன் ஒருவன், சும்மா நிற்க முடியாமல், கல்லாவில் ஒட்டியிருந்ததை ஸ்கேன் செய்தான். அவன் வெள்ளைச்சட்டைக்காரரின் யார்டில் வேலை பார்ப்பவன். போனைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், வெளியே போனான். பேனருக்கு ஆர்டர் கொடுக்காமலே போகிறானே என்று அண்ணன் கூப்பிட்டுக்கூடப் பார்த்தான்.

நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது ஷட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது. வந்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. முதலில் மானிட்டர் போனது. பிறகு மை பாட்டில்கள். மெஜந்தா தரையெல்லாம் ஓடி, வந்தவர்களின் செருப்புத் தடம் சுவர்வரை சிவப்பாக ஏறியது. பேனர் ரோல் சுற்றும் இரும்புக் குழாயால் அண்ணனின் முதுகில் அடித்தார்கள். அவன் விழுந்தான். விழுந்தவனை முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தார்கள். பேனர் வாங்க வந்திருந்தவர்கள் எல்லாரும் எதிர் டீக்கடைக்குப் போய் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒருவன் கையைக் கடித்தேன். சும்மா இல்லை, பல் இறங்கும்படி கடித்தேன். வாயில் உப்பும் தின்னர் நாற்றமும் ஏறியது. அவன் அறைந்ததில் என் காது கொய்ங் என்றது, ஆனாலும் விடவில்லை. அந்தக் கடி எனக்கு இன்னும் இனிக்கிறது, மறைப்பானேன்.

அப்போதுதான் அவர் உள்ளே வந்தார். லுங்கி, பழுப்பு டீஷர்ட். நேரில் அவரை வெள்ளைச்சட்டையில் நான் பார்த்ததே இல்லை. இரண்டு கைகளிலும் கறுப்புக் கயிறு, கழுத்தில் தாயத்துகள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் அவரே மாலைக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எவன்மே போடச் சொன்னான்? எந்த டீமு?"

"யாரும் சொல்லல. இது டெஸ்ட்டு. மெஷின் சோதனை பண்ண எப்பவும் உங்க போட்டோதான் போடுவோம்."

"நாளிக்கு சாயந்தரம்னு டைம் குறிச்சிகீற. அது இன்னா டெஸ்ட்டு?"

"அது தானா வர்றது. எப்பத் தொறந்தாலும் நாளைன்னுதான் காட்டும்."

அவர் போனைத் திருப்பித் தானே ஒரு தடவை படித்தார்.

"அப்ப டெய்லியும் என்னத் தூக்கறீங்க?"

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவனுக்கு அஞ்சலி அடித்தால் அது விளையாட்டு இல்லை. எதிரிக்கு நாள் குறித்து அனுப்புகிற ஓலை அது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் டெஸ்ட் என்பதை நம்பியிருக்க மாட்டேன். இது நெட்டில் இல்லை, இந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது என்று கத்தினேன். "அப்ப இது இன்னா, கண்ணாடியா?" என்று போனை மறுபடி நீட்டினார். நான் லேப்டாப்பில் சர்வரை நிறுத்தினேன். "இப்ப அந்தப் பக்கத்த ரீஃப்ரெஷ் பண்ணுங்க" என்றேன். கூழ் பேனருக்கு வந்த அந்த இளைஞனும் கூட்டத்தில் இருந்தான், அவன் தன் போனில் தேய்த்தான். மாலையும் விளக்கும் போய், தளம் திறக்கவில்லை என்ற வெள்ளைப் பக்கம் வந்தது. அவனே கொஞ்சம் பயந்துபோய், "பூட்ச்சி நைனா" என்றான்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவன் முதலிலேயே அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். அது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த போன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் யாரோ ஒரு பெண் ஓவென்று அழுவது எங்களுக்கே கேட்டது. "நான்தாண்டி பேசறேன்!" என்று கத்திவிட்டு வைத்தார். மறுபடி அடித்தது. அந்த நேரம் பார்த்துப் பின்தெருவில் பட்டாசு வெடித்தது. சரம், பெரிய சரம். அவர் செத்துவிட்டார் என்று யாரோ கொண்டாடுகிறார்கள்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"எந்தக் கைல அந்த மவுஸ புடிச்சான்?"

மவுஸைப் பிடித்தது நான். அதைச் சொன்னேன், உரக்கத்தான் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. பொம்பளை இப்படிச் செய்வாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அண்ணனின் வலது கையைப் பேனர் வெட்டும் மேசையில் விரித்து வைத்து இரண்டு பேர் அமுக்கினார்கள். அந்தக் கைதான் எங்கள் கடை. அவன் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வதற்கு முன்னால் சுவரில் எழுத்து எழுதியதும் அந்தக் கைதான், நேர்கோடு போட ஸ்கேல் கேட்காத கை. பேனர் ஓரத்தில் வளையம் அடிக்கிற சுத்தியலை அவர் எடுத்தார். ஆள்காட்டி விரலில் போட்டார். பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். அண்ணன் கத்தவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தான்.

"இன்னும் நாலு கீது" என்றார் அவர். சுத்தியல் மறுபடி மேலே போனது.

வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அவருடைய மனைவி இறங்கினார். காத்திவாக்கத்தில் மீன்பிடிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவர். கோயிலில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. தலை கலைந்திருந்தது. கையில் ஒரு ரோஜா மாலை, பொட்டலத்தின் வாழைநார்கூடப் பிரிக்காமல். செய்தி கேட்டு முதலில் வீட்டுக்கு வந்தவர் யாரோ கொண்டுவந்து கொடுத்ததாம்.

அவர் புருஷனைப் பார்த்தார். மேசையில் இருந்த கையைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அப்பாடா! ஆயுசு கெட்டியா உனுக்கு!"

"நீ ஏன்டி இங்க வந்த?"

"உசுரோட கீறவனுக்கு அஞ்சலி போட்டா ஆயுசு கூடும்யா. எங்க சின்ன மாமன் கடல்ல போய்ட்டான்னு சேதி வந்து, மாலை போட்டு, மாரடிச்சி அழுதாங்கோ. மூணாம் நாளு கரையேறி வந்தான். இன்னிக்கும் கல்லாட்டம் கீறான். உன் கண்டம் இன்னியோட கழிஞ்சிச்சி. கண்டத்த கழிச்ச கைய போய் ஒடிக்கறியே, வந்த ஆயுச நீயே தொரத்தறியா?"

சுத்தியல் நின்றது. மற்றவர்களுக்குச் சாவைக் காட்டியே பிழைக்கிறவர்கள் தங்கள் சாவு என்றால் எப்படி நடுங்குவார்கள் என்று அன்று பார்த்தேன். அவர் விரல்கள் தாயத்தைத் தொட்டன. "நெசமாவா?" என்று கேட்டார், சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி. "நம்ம பூசாரியக் கேளு" என்றார் மனைவி. சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு, "இவன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்கடா" என்று அவர் தன் ஆட்களிடமே சொன்னார். அடித்தவர்களே அண்ணனைக் கைத்தாங்கலாகப் பிடித்து வேறொரு ஆட்டோவில் ஏற்றினார்கள்.

வெளியே போகும்போது வாசற்படியில் திரும்பி மனைவியை அறைந்தார். ஆம்பளைகள் நிற்கிற இடத்துக்கு வந்து பேசியதற்காக. மாலை தெறித்து மெஜந்தாவில் விழுந்தது. அந்த அம்மா கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோ டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, கொண்டையைக் கட்டிக்கொண்டு போனார். டீக்கடையில் நின்ற ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அன்று மாலை அவர் வீட்டு வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் செலவில் கூழ். பட்டாசு வெடித்தவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் அவனுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது என்றும் பேசிக்கொண்டார்கள். அண்ணனுக்கு அந்த ஒரு விரல் மட்டும் மடங்காமல் நின்றுவிட்டது. மற்ற நாலும் இருக்கின்றன. அவன் கையில் மாவுக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரோஜா மாலை ஞாபகம் வரும்.

அண்ணன் கட்டுப் பிரிக்கப் போயிருந்த ஒரு பகல். கடையில் நான் மட்டும். சுவரில் மெஜந்தாத் தடங்களை தின்னர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தார், அந்த வெயிலில். உட்காரும்போது விலகியது. கழுத்தில் விரல் விரலாகக் கன்றியிருந்தது. கீழ் உதடு வெடித்திருந்தது. கடையில் புருஷன் அறைந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. இது புதுசு.

"உங்கண்ணன் கை எப்டி கீது?"

"நீங்க வரலன்னா கையே இருந்திருக்காதுக்கா."

அவர் தலையாட்டினார். அதைக் கேட்க அவர் வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது. வெளியே ஒரு டிரெய்லர் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தார்.

"அந்தப் படம் உன் மிஷின்ல இன்னும் கீதா?"

அழித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெறும் பயத்தில். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை.

"இருக்குக்கா."

"ஒரு வாட்டி காட்டு. ஊருக்குத் தெரியாம காட்ட முடியுமா?"

பின்னறைக்குக் கூட்டிப்போனேன். லேப்டாப்பைத் திறந்து சாம்பலை ஊதினேன். மாற்றியிருந்த அந்த ஒரு வரியைப் பழையபடி ஆக்கினேன். வைஃபையையும் அணைத்தேன். சர்வரை ஓடவிட்டேன். "இந்த மிஷினைத் தாண்டி எங்கயும் போகாதுக்கா. நீங்களும் நானும்தான்" என்றேன்.

மாலை, விளக்கு, வெள்ளைச்சட்டை, சிரிப்பு. அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். இறைவனடி சேர்ந்தார் என்ற இடத்தில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.

"நாளிக்கு சாயந்தரமா?"

"எப்பத் தொறந்தாலும் நாளைதான்கா வரும்."

"ம்."

அவர் தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. வந்ததிலிருந்து அவர் அந்தத் தோள்களைத் தூக்கியே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று இவர் புருஷனைத்தான் கடித்திருக்க வேண்டியது என்று தோன்றியது. கையை இல்லை, கழுத்தை.

"இன்னாமே," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்க சின்ன மாமன் கதைய சொன்னேனே, அப்டி ஒரு மாமனே எனுக்கு இல்ல. உங்கண்ணன் கைக்காக வாய்க்கு வந்தத சொன்னேன்."

"தெரியும்கா" என்றேன். தெரியாது.

"ஆயுசு கூடும்னு சொன்னனே." வெடித்த உதட்டை நாக்கால் தொட்டுக்கொண்டார். "நான் சொன்னது பலிச்சிடுமா?"

பலிக்காது என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இல்லை. சர்வரை நிறுத்தக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும். கொஞ்ச நேரம் அப்டியே இருக்கட்டும்."

நான் எதிர்க்கடைக்குப் போய் அவருக்கு டீ வாங்கி வந்தேன். உதடு எரியும் என்பதால் ஆற்றி ஆற்றிக் கொடுத்தேன். அவர் அந்த டீ முடியும்வரை புருஷனைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.